பழைய கைப்பேசியும் நமது பணமும்

சங்கங்களை ஆய்வு செய்ய நாம் செல்லும்போது, கணக்குப் புத்தகங்களைப் பார்த்து முடித்தபின் அங்கத்தினர்கள் சிலர் தயக்கத்தோடு ஒரு வினாவைக் கேட்பதுண்டு. "வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. இன்றுவரை ஒரு பழுதும் இல்லை. பழைய போனில் பணம் அனுப்பினால் ஆபத்து என்று பையன் சொல்கிறான். மாற்றத்தான் வேண்டுமா, சார்?" என்பதே அவ்வினா. நெசவாளர் சங்கத்திலும் கேட்கிறார்கள். விவசாயக் கடன் சங்கத்திலும் கேட்கிறார்கள்.

இது சிக்கனமானவர்களின் வினா. முப்பது ஆண்டு ஓடிய தறியில் இன்றும் சேலை இறங்குகிறது. பாட்டன் காலத்து மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டு மடை வெட்டுகிறோம். நல்ல நிலையிலுள்ள ஒரு பொருளைப் பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்க நம்மவர் மனம் ஒப்புவதில்லை, ஒப்பவும் வேண்டாம். ஆனால் கைப்பேசி பழையதாகும் விதம் வேறு. அதை விளங்கிக்கொண்டால், மாற்றுவதா வேண்டாமா என்பதை அங்கத்தினர்கள் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம். கடைக்காரரின் சொல்லை நம்பியிருக்க வேண்டியதில்லை.

முதலில், கைப்பேசி இன்று என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். 2016-ஆம் ஆண்டு யு.பி.ஐ. முறை வருவதற்கு முன்பு நம்மில் பெரும்பாலோருக்கு அது பேசுவதற்கான கருவி மட்டுமே. இன்றோ நெசவுக் கூலி, பயிர்க்கடன், பி.எம். கிசான் தவணை எல்லாம் வங்கிக் கணக்கில் வந்து சேருகின்றன. அந்தக் கணக்கைத் திறக்கும் சாவி கைப்பேசியில் இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணும் அதற்கே வருகிறது. சாவியும் அதிலே, காவலாளிக்கு வரும் தகவலும் அதிலே என்றால், அதைப் பணப்பெட்டியாகக் கருதுவதே பொருத்தம்.

தறியில் அச்சு தேய்ந்தால் துணியில் தெரியும். விழுது அறுந்தால் உடனே கண்ணில் படும். கைப்பேசியின் கண்ணாடி, மின்கலம் முதலியவற்றின் தேய்மானமும் அவ்வாறே தெரிந்துவிடும். ஆனால் அதற்குள் இருக்கும் ஆண்ட்ராய்டு என்னும் இயக்க ஏற்பாடு கோடிக்கணக்கான வரிகளில் மனிதர் எழுதியது. மனிதர் எழுதியதில் பிழை இல்லாமலிராது. சில பிழைகள் அந்நியன் உள்ளே நுழைவதற்கு வழியாக அமைந்துவிடும். அவை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் கூகுள் நிறுவனம் திருத்தம் தயாரிக்கிறது. கைப்பேசி செய்த நிறுவனம் அத்திருத்தத்தைத் தன் மாடலுக்கு ஏற்ப அமைத்து அனுப்புகிறது. "அப்டேட் வந்திருக்கிறது" என்று திரையில் தோன்றுவதில் பெரும்பகுதி இதுவே. டேட்டா செலவாகும் என்றோ, போன் மெதுவாகிவிடும் என்றோ நாம் அதை ஒதுக்கித் தள்ளிவிடுகிறோம்.

சில ஆண்டுகளில் அந்நிறுவனம் அந்த மாடலுக்குத் திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிடும். நிறுத்தியதாகக் கைப்பேசி நமக்கு அறிவிப்பதில்லை. பேச்சு கேட்கும், படம் தெரியும், பணமும் போகும். அந்த நாளிலிருந்துதான் அது நாம் சொல்லும் பொருளில் பழையதாகிறது. வாங்கிய நாளுக்கும் இதற்கும் நேரான தொடர்பில்லை. ஐந்து வயதாகியும் திருத்தம் வந்துகொண்டிருக்கும் கைப்பேசி உண்டு. இரண்டே வயதில் திருத்தம் நின்றுபோனதும் உண்டு.

திருத்தம் நின்றால் என்ன, நேற்றுவரை பத்திரமாக இருந்தது இன்றைக்கு மட்டும் எப்படிக் கெடும் என்று ஐயம் எழலாம். இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தமும் வெளியாகும்போது, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதும் உலகறிய வெளியாகிறது. ஏரிக்கரையில் இன்ன இடத்தில் கசிவு இருக்கிறது, அடைத்துக்கொள்ளுங்கள் என்று தண்டோராப் போடுவது போன்றது அது. அடைத்துக்கொண்டவனுக்கு நன்மை. அடைக்க மண் கிடைக்காதவன் நிலை முன்னைவிட மோசம். இதுவரை ஒருவருக்கும் தெரியாதிருந்த கசிவு இப்போது கள்வனுக்கும் தெரிந்துவிட்டது. திருத்தம் நின்றுபோன கைப்பேசிக்கு எதிராக மாதாமாதம் இந்தத் தண்டோரா ஒலிக்கிறது.

கணினி உலகில் நடந்த ஒரு சம்பவம் இதைத் தெளிவாக்கும். விண்டோஸ் கணினிகளில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. அதே ஓட்டையின் வழியாக அவ்வாண்டு மே 12 அன்று "வன்னாக்ரை" என்னும் நாசநிரல் பரவி, 150 நாடுகளுக்கு மேல் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையில் ஏறத்தாழ 19,000 நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாயின என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பின்னர் மதிப்பிட்டது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை காலாவதியான மிகப் பழைய கணினிகள் அல்ல என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். திருத்தம் கிடைத்தும் இரண்டு மாதமாகப் போட்டுக்கொள்ளாமல் விடப்பட்டவையே அவற்றில் மிகுதி.

கைப்பேசிக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜூலையில் ஆண்ட்ராய்டில் "ஸ்டேஜ்பிரைட்" என்ற பிழை வெளிப்பட்டது. கெட்ட நோக்கத்துடன் தயாரித்த ஒரு வீடியோவைச் செய்தியாக அனுப்பினால், உரியவர் அதைத் திறந்து பார்க்காமலே கைப்பேசி அந்நியன் வசமாகலாம் என்று கண்டனர். அன்று உலகிலிருந்த 95 கோடிக் கைப்பேசிகள் வரை இதற்கு இலக்காகலாம் என்பது கண்டுபிடித்தவர்களின் மதிப்பீடு. மறு மாதத்திலிருந்தே கூகுள் மாதாந்தத் திருத்த அறிக்கைகளை வெளியிடத் தொடங்கியது.

நிற்க. நம் கைப்பேசியின் நிலையை அறிவது எப்படி? இதற்கு எவரிடமும் போக வேண்டியதில்லை. பல்சக்கரம் போன்ற அடையாளமுள்ள "செட்டிங்ஸ்" பகுதியில், "போனைப் பற்றி" என்ற தலைப்பின்கீழோ "செக்யூரிட்டி" என்ற தலைப்பின்கீழோ, ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு தேதி காட்டப்பட்டிருக்கும். அதை ஒரு தாளில் குறித்துக்கொள்க. பக்கத்திலேயே "கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்" என்று இன்னொரு தேதியும் இருக்கக்கூடும். ஆண்ட்ராய்டு 10 முதற்கொண்டு சில உட்பகுதிகளை மட்டும் கூகுள் நேரடியாகப் புதுப்பிக்கிறது. அந்தத் தேதி அது. அது புதிதாயிருப்பதைக் கண்டு திருப்தியடைந்துவிடக் கூடாது. நமக்கு முக்கியமானது முதலில் சொன்ன தேதியே.

முதல் தேதி சென்ற மூன்று நான்கு மாதங்களுக்குள் இருந்தால் கவலையில்லை. கைப்பேசி எத்தனை ஆண்டு பழையதாயினும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தியிருந்தால், நிலுவையிலுள்ள அப்டேட் ஏதேனும் உண்டா என்று தேடிப் போட்டுக்கொள்ள வேண்டும். தேடியும் ஒன்றுமில்லை, தேதியும் ஓராண்டுக்கு முந்தியது என்றால், அக்கைப்பேசியில் பணம் இருக்கக் கூடாது என்பது நமது கருத்து. ஆண்ட்ராய்டு 12-க்கும் அதற்கு முந்திய பதிப்புகளுக்கும் மாதாந்தத் திருத்தம் வெளியிடுவதைக் கூகுள் 2025-க்குள் நிறுத்திவிட்டது. இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் குரோம் செயலியும் 2025 ஆகஸ்டு முதல் ஆண்ட்ராய்டு 10-க்குக் குறைந்த கைப்பேசிகளுக்குப் புதிய பதிப்பைத் தருவதில்லை.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நாம் கைப்பேசிக் கடைக்கு விளம்பரம் எழுதியவர்களாவோம். கிராமப்புறங்களில் பணம் இழந்தவர்களின் கதைகளைக் கேட்டால், ஓட்டை வழியாகக் கள்வன் நுழைந்தது அபூர்வம். பெரும்பாலும் நாமே கதவைத் திறந்துவிட்டிருக்கிறோம். "பி.எம். கிசான் புதிய பட்டியல்", "திருமண அழைப்பிதழ்", "போக்குவரத்து அபராதச் சீட்டு" என்ற பெயர்களில் வாட்ஸப் மூலம் ஒரு கோப்பு வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே கூட வரும். அவருடைய கைப்பேசி ஏற்கெனவே பறிபோயிருக்கும். கோப்பின் பெயர் "ஏ.பி.கே." என்று முடியும். அது பட்டியலும் அல்ல, பத்திரிகையும் அல்ல. கைப்பேசியில் குடியேறும் ஒரு செயலி. தொட்டதும் வரிசையாக அனுமதி கேட்கும். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கொடுத்தால் ஓ.டி.பி. அதற்குத் தெரியும். பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கு உதவும்பொருட்டு ஆண்ட்ராய்டில் அமைத்த "அக்ஸசிபிலிட்டி" அனுமதியைக் கொடுத்துவிட்டாலோ, திரையில் தெரிவதையெல்லாம் படிக்கவும், நம் விரல் அழுத்துவதுபோல் தானே அழுத்தவும் அதற்கு அதிகாரம் வந்துவிடும்.

நேற்று வாங்கிய கைப்பேசியாயினும் இந்த வஞ்சகத்துக்குத் தப்பாது. ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து வந்த செயலி அக்ஸசிபிலிட்டி அனுமதி கேட்டால் எளிதில் கொடுத்துவிடாதபடி ஒரு தடை வைத்திருக்கிறார்கள். ஆனால் கள்வன் தொலைபேசியில் பேசிப் பேசி அந்தத் தடையையும் நம் கையாலேயே விலக்கச் செய்கிறான். எனவே, "புதுப் போன் வாங்கியாயிற்று, இனி பயமில்லை" என்று இருப்பவரைவிட, பழைய கைப்பேசியில் பணம் வைக்காமல், வந்த கோப்பையெல்லாம் தொடாமல் இருப்பவர் அதிகப் பத்திரமாக இருக்கிறார். அரசுத் திட்டப் பட்டியல் எதுவும் வாட்ஸப் கோப்பாக வீடு தேடி வராது. ஐயமிருந்தால் சங்கத்துக்கு வந்து கேட்கலாம்.

பணம் போய்விட்டது தெரிந்தால், வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்துவைப்பதே பெரிய நஷ்டம். உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிமாற்றத்தில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பது பற்றி, கூட்டுறவு வங்கிகளுக்கென்றே ரிசர்வ் வங்கி 2017 டிசம்பர் 14 அன்று ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. வங்கியின் தவறும் இல்லை, வாடிக்கையாளரின் தவறும் இல்லை என்னும்படியான இழப்பில், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்குப் பொறுப்பில்லை என்றது அது. இரகசிய எண்ணைத் தாமே பிறரிடம் கொடுத்தது போன்ற கவனக்குறைவால் நேர்ந்ததாயின், புகார் செய்யும்வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது என்றும், புகாருக்குப் பின் நேர்வது வங்கியுடையது என்றும் கூறிற்று. மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கலாகாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமோ?

இனி, திருத்தம் நின்றுபோன கைப்பேசி. புதிது வாங்கவோ இப்போது வசதியில்லை. என்ன செய்வது? எட்டாயிரம், பத்தாயிரம் என்பது நெசவாளருக்கும் சிறு விவசாயிக்கும் அற்பத் தொகையன்று. இதற்காகத் தவணைக் கடன் வாங்கி வட்டி கட்டுவதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். கைப்பேசியை மாற்ற முடியாவிட்டால் பணத்தை அதிலிருந்து வெளியே எடுத்துவிடலாம். வங்கியில் பதிவு செய்த சிம் அட்டையை ஒரு சாதாரணப் பட்டன் போனில் போட்டுவிடுக. ஓ.டி.பி. அங்கே வரும். பழைய கைப்பேசியில் எந்தக் கள்ளச் செயலி குடியிருந்தாலும் அதை எட்டிப் பார்க்க இயலாது. பழையதிலுள்ள பணச் செயலிகளை நீக்கிவிடுக. பட்டன் போனிலிருந்தும் பணம் அனுப்ப "யு.பி.ஐ. 123பே" என்ற முறையை 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்தது. ஒரு தடவை அனுப்பும் உச்சவரம்பை 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. பாவு நூல் வாங்கவும் உரக்கடைக்குக் கொடுக்கவும் பெரும்பாலும் இது போதும். பழக்கப்பட சில நாள் பிடிக்கும், அவ்வளவே.

ஸ்மார்ட்போனிலேயே பணம் அனுப்பியாக வேண்டும் என்பவர், சேமிப்புக் கணக்கை அதனோடு இணைக்காமல், செலவுக்கென்று வேறொரு கணக்கு வைத்து, வாரச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டுவைக்கலாம். சந்தைக்குப் போகும்போது பீரோவைத் தூக்கிக்கொண்டு போகிறோமா? மடியில் கொஞ்சம் முடிந்துகொண்டுதானே போகிறோம்.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. கடையில் காமிரா எத்தனை என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுக்கு வரும், அந்த மாடல் எப்போது வெளிவந்தது என்ற இரண்டையும் கேட்பவர் அரிது. ஆண்டுக் கணக்கு நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. பெரும்பாலும் மாடல் வெளிவந்த நாளிலிருந்தே ஓடுகிறது. தீபாவளித் தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கும் மாடல் இரண்டாண்டுக்கு முன் வந்ததாயின், ஆயுளில் இரண்டாண்டு கடை அலமாரியிலேயே கழிந்துவிட்டது. விலையுயர்ந்த கைப்பேசிகளில் சிலவற்றுக்கு ஏழு ஆண்டு திருத்தம் தருவதாகக் கூகுள் 2023-லும் சாம்சங் 2024-லும் வாக்களித்தன. மலிவான மாடல்களில் இரண்டாண்டோடு நிற்பவையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைச் சட்டமாகவே செய்துவிட்டார்கள்: 2025 ஜூன் 20 முதல் அமலான விதியின்படி, ஒரு மாடலின் விற்பனையை நிறுவனம் நிறுத்தியபின்னும் குறைந்தது ஐந்தாண்டு அப்டேட் தரவேண்டும். நம் நாட்டிலும் வாங்குபவர்கள் கூடிக் கேட்டால் கிடைக்காத பொருளன்று இது. எண்ணாயிரம் ரூபாய்க்கு வாங்கி இரண்டாண்டு பயன்படுவதும், பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கி ஐந்தாண்டு பயன்படுவதும் எது சிக்கனம் என்று வகுத்துப் பார்க்க அங்கத்தினர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறர் பயன்படுத்தியதை வாங்கினால், பணம் கொடுக்குமுன் அந்தப் பாதுகாப்புத் தேதியைப் பார்க்க வேண்டும். திருட்டுக் கைப்பேசியா என்றும் அறியலாம். நட்சத்திரக்குறி, சதுரக்குறி, 06, மீண்டும் சதுரக்குறி என்று அழுத்தினால் பதினைந்து இலக்க எண் தோன்றும். அதை மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" தளத்தில் போட்டுப் பார்த்தால் கறுப்புப் பட்டியலில் உள்ளதா என்று தெரியும். பழையதை விற்பவர்கள் பணச் செயலிகளில் கணக்கை நீக்கி, கூகுள் கணக்கையும் நீக்கி, அதன்பின் "பாக்டரி ரீசெட்" செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டு கொடுக்கவேண்டும். விற்காமல் வீட்டில் வைத்துக்கொண்டால் குழந்தையின் பாடத்துக்கும், சேலை டிசைன் படங்கள் சேர்த்துவைக்கவும் அது இன்னும் சில ஆண்டு உழைக்கும். பணம் மட்டும் அதில் வேண்டாம்.

கடைசியாக, சங்க நிர்வாகிகளுக்கு. தனி அங்கத்தினரின் கைப்பேசி போனால் ஒரு குடும்பத்துக்கு நஷ்டம். சங்கக் கணக்கின் ஓ.டி.பி. வரும் கைப்பேசி போனால், பாவு வாங்கிய அத்தனை பேருடைய கூலியும், கடனுக்குக் காத்திருக்கும் அத்தனை பேருடைய சாகுபடியும் போகும். நாம் பார்த்த சங்கங்கள் சிலவற்றில் அந்த எண் காரியதரிசியின் சொந்தக் கைப்பேசியில் இருக்கிறது. மாலையில் அவர் வீட்டுக் குழந்தைகள் விளையாடுவதும் அதே கைப்பேசியில்தான். காரியதரிசியைக் குறை கூற நாம் வரவில்லை. சங்கம் அவருக்கு வேறு கைப்பேசி வாங்கித் தரவில்லை. பெட்டகத்துக்கு இரண்டு பூட்டும் இரண்டு பேரிடம் சாவியும் வைக்கும் சங்கம், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பட்டன் போன் வாங்கி, சங்கத்தின் பெயரில் சிம் எடுத்து, அதை அலுவலகப் பெட்டகத்திலேயே வைப்பது பெரிய செலவல்ல. நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, யார் பொறுப்பில் இருக்கிறது என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவிடலாம்.

சிறிய கூட்டுறவு நிறுவனங்களைக் கள்வர் சீண்டமாட்டார் என்றும் எண்ணற்க. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை அளித்துவந்த ஒரு நிறுவனம் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. அது கைப்பேசியால் நேர்ந்ததன்று. ஆனால் தாக்கும் கண் நம் பக்கமும் திரும்பியிருக்கிறது. சங்கத்துக் கணினியையும் இதே கணக்கில் சேர்க்கவேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச வழக்கமான திருத்தம் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதன் பிறகு, நீட்டிப்புக்கென்று தனியே பதிவு செய்துகொண்ட கணினிகளுக்கே திருத்தம் வருகிறது. சங்கக் கணினி எந்த விண்டோஸில் ஓடுகிறது, பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு முன் எழுதிவைத்துக்கொள்ளும்படி காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். நாம் ஆய்வுக்கு வரும்போது ரொக்க இருப்பை எண்ணிய பிறகு, அந்தக் குறிப்பையும் ஓ.டி.பி. வரும் கைப்பேசியையும் காட்டும்படி கேட்போம்.